பழைய ஹைலக்ஸ் கியர் கம்பிக்கு எந்த புஷ்: ஒரிஜினலா, தாய்லாந்து செட்டா, லேத் பித்தளையா?

எண்பதுகளின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் மியான்மரில் யாங்கோன், பகோ பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்ய அனுமதி என்று 2011-ல் அரசு அறிவித்த பிறகு, நிறைய வண்டிகள் கழிவு இரும்பாகப் போய்விட்டன. அதையும் தாண்டி நிற்பவை இரண்டு வகை. சொந்தக்காரர் ஆசையாக வைத்திருப்பவை ஒன்று. ஆள் ஏற்றும் லைன் காராக ஓடியும் நெல் மூட்டை ஏற்றியும் தினமும் சோறு போடுபவை இன்னொன்று. இரண்டிலும் ஒரே புகார்தான்: கியர் கம்பி கொழகொழவென்று ஆடுகிறது, எந்த கியரில் நிற்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை.

இதைக் கேட்டதும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கோளாறு கம்பியின் அடியில் இருக்கும், புஷ், சீட் எனப்படும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளோடு முடிந்துவிடும். அந்தத் துண்டுகளுக்கு இப்போது இங்கே மூன்று வழி இருக்கிறது: டொயோட்டா ஒரிஜினல், தாய்லாந்திலிருந்து வரும் செட், லேத்தில் கடைந்து தரும் பித்தளை. 2எல் டீசல் இஞ்சினும் ஜி52 ஐந்து கியர் பெட்டியும் உள்ள வண்டியை வைத்து இந்த மூன்றையும் எடைபோடுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கம்பியின் நடுவில் ஒரு பெரிய உருண்டை. அது உட்காரும் வெள்ளை வளையம்தான் மேல் சீட். உருண்டைக்கு மேலே ஸ்பிரிங், அதை அழுத்திப் பிடிக்கும் தகர மூடி. கம்பியின் கீழ்நுனியில் சின்ன உருண்டை ஒன்று. அதை மூடியிருப்பது கிண்ண வடிவ நைலான் புஷ். இந்தப் புஷ் இறங்கும் குழி, பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஷாஃப்டோடு சேர்ந்த இரும்புத் துண்டில் இருக்கிறது. கம்பி மேலே நீளம், கீழே குட்டை. அதனால் கீழ்ப் புஷ்ஷில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே மேலே குமிழில் பல மில்லிமீட்டர் ஆட்டம் தெரியும்.

மேல் சீட் போனால் கம்பி மேலும் கீழும் குதிக்கும், குறிப்பிட்ட வேகத்தில் கிர்ரென்று இரையும், குமிழில் கை வைத்ததும் அடங்கும். கீழ்ப் புஷ் போனால் பக்கவாட்டில் அலையும். மூன்றுக்குப் பதில் ஒன்றைத் தேடிப் போகும், கியர் முழு ஆழத்துக்கு விழாது. மேல் சீட் கண்ணுக்கு நேராக இருப்பதால் அதை மட்டும் மாற்றிவிட்டு மூடுகிறவர்கள் நிறைய. அது பாதி வேலை. உண்மையில் ஓட்டுகிறவர் கைக்கு உயிர் கொடுப்பது அந்தக் கீழ்ப் புஷ்தான்.

செட் வாங்கப் போகுமுன் கோளாறு அங்கேதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் கம்பியை வலமும் இடமும் தள்ளிவிட்டுப் பாருங்கள். விட்டவுடன் அது மூன்று–நான்கு கியர் வரிசைக்குத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் பழுது புஷ்ஷில் இல்லை. கம்பி இறங்கும் ஹவுசிங்கின் இரு பக்கமும் ஸ்பிரிங்கோடு இருக்கும் தடுப்பு முள்களில் இருக்கிறது. நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், ஓட்டுநரை விட்டு விலகிய பக்கம் ஒன்று–இரண்டு, ஓட்டுநர் பக்கம் ஐந்தும் ரிவர்ஸும். முள்களைக் கழற்றினால் எது எந்தப் பக்கத்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். இரண்டும் ஒன்றல்ல, மாற்றிப் போட்டால் ரிவர்ஸ் பக்கத்துத் தடுப்பு தவறான பக்கம் போய்விடும்.

கியர் போடும்போது கறகறவென்று உரசினால் அது கிளட்ச் முழுதாக விடாததாலோ கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையம் தேய்ந்ததாலோ வருவது. எந்தப் புஷ்ஷும் அதைத் தீர்க்காது. ஓடும்போது கியர் தானாக வெளியே குதித்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். கீழ்ப் புஷ் தேய்ந்து, கியர் கடைசிவரை விழாமல் இருக்கலாம். பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கலாம். நின்றபடி ஆக்சிலேட்டரை அழுத்தி விடும்போது கம்பி முன்னும் பின்னும் பெரிதாகச் சாய்ந்தால் மவுண்டைச் சந்தேகப்படுங்கள். மூன்றாவது பலருக்குத் தோன்றாது: தரையில் இருக்கும் ரப்பர் பூட் கெட்டியாகிப்போய்க் கம்பியைப் பின்னுக்கு இழுப்பது. பூட்டைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டினால் தெரிந்துவிடும். இந்த மூன்றும் சரியாக இருந்தும் குதித்தால்தான் ஷிஃப்ட் ஷாஃப்டைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் பக்கம் போக வேண்டும்.

இனி செட்டுகளுக்கு வருவோம்.

ஒரிஜினல் தனித்தனியாக வரும். மேல் சீட் ஓர் உறையில், கீழ்ப் புஷ் ஓர் உறையில். பூட் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. கீழ்ப் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: சுவர் சுற்றிலும் ஒரே கனம், விளிம்பு சுத்தம், அச்சில் வார்த்த கோடு நகத்துக்குத் தட்டுப்படாது. சின்ன உருண்டையில் மாட்டும்போது டக்கென்று சத்தத்தோடு உட்காரும். மாட்டிய பிறகு கம்பியைத் தலைகீழாக உதறினாலும் விழாது, ஆனால் விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழலும். இறுக்கமும் வழுவலும் சேர்ந்த இந்தப் பொருத்தம்தான் முக்கியம். கழற்றி எடுக்கும் பழைய புஷ்ஷோ கடுந்தேநீர் நிறத்தில் பழுத்து, விளிம்பில் வெடித்து, விரலில் வைத்து அழுத்தினாலே உதிரும். சூடும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து நைலானை அப்படி ஆக்கிவிடுகின்றன. ஒரிஜினலின் ஒரே குறை விலையும் காத்திருப்பும். கையிருப்பில் வைத்திருக்கும் கடை குறைவு, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். அதற்காகவே பழைய பொருளைப் புது உறையில் போட்டு ஒரிஜினல் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உறையைப் பார்க்காதீர்கள், துண்டைப் பாருங்கள். புது நைலான் வளைத்தால் வளைந்து நிமிரும். பழையது வெள்ளையாகக் கோடு விழுந்து விரியும்.

தாய்லாந்து செட் எல்லாவற்றையும் ஒரே உறையில் தருகிறது: மேல் சீட், கீழ்ப் புஷ், ரப்பர் பூட். விலை ஒரிஜினலில் பாதிகூட வராது. இதில் மேல் சீட் நன்றாகவே இருக்கிறது. வார்ப்பில் பிதுங்கிய மெல்லிய பிசிர் உள்விளிம்பில் இருக்கும். அதை பிளேடால் சீவிவிட்டுப் போட்டால் ஒரிஜினலுக்கும் இதற்கும் கையில் வித்தியாசம் தெரியாது. சீவாமல் போட்டால் பிசிர் உருண்டைக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டி முதல் சில நாள் கம்பி கனமாக இருக்கும். பிறகு பிசிர் தேய்ந்து அந்த இடமே ஆட்டமாகிவிடும்.

கீழ்ப் புஷ்தான் சிக்கல். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த செட்டுகளிலேயே சிலது சரியாகப் பொருந்தும், சிலது உருண்டையில் வைத்ததும் தொளதொளவென்று கழன்று விழும். சுவரின் கனம் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருக்கும். இதை வாங்குகிறவர்கள் பழைய கம்பியைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் வெர்னியர் அளவுகோல் வைத்துச் சுவரின் கனத்தை நான்கு இடத்தில் அளந்து ஒத்துப்பாருங்கள். செட்டோடு வரும் பூட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ரப்பர் கெட்டி, மடிப்பு ஆழம் போதாது. ஐந்தாம் கியரில் கம்பியை இழுத்துப் பிடிக்கிறது. பழைய பூட் கிழியாமல் இருந்தால் அதையே கழுவிப் போடுங்கள்.

அடுத்து லேத். இங்கே எதையும் கடைந்து தரும் கைகளுக்குப் பஞ்சமில்லை. பாகம் வராத காலங்களில் வண்டிகளை ஓட வைத்தவர்கள் அவர்கள்தான். அந்தத் திறமைமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கீழ்ப் புஷ்ஷைப் பித்தளையில் கடையாதீர்கள். காரணம் இரண்டு. டீசல் இஞ்சினின் அதிர்வு முழுதையும் பித்தளை நேராகக் கம்பிக்குக் கொண்டுவரும். குமிழ் கையில் நடுங்கிக்கொண்டே இருக்கும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய நஷ்டம் இரண்டாவதில். நைலான் இருக்கும்வரை தேய்வது நைலான் மட்டும்தான். பித்தளை போட்டால் காலப்போக்கில் உருண்டையும், அது போய் உட்காரும் குழியும் சேர்ந்து தேயும். கம்பியை வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். குழி தேய்ந்தால் ஹவுசிங்கைத் திறந்து அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். சின்னச் செலவை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய செலவை வாங்கிக்கொள்வது வேண்டாம்.

மேல் சீட்டைப் பித்தளையில் கடைந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. பாரம் ஏற்றும் வண்டியில், கிரீஸ் நன்றாக வைத்தால் நெடுநாள் நிற்கும். இரைச்சல் மட்டும் இருக்கும்.

கடைசலே வழி என்றால் கீழ்ப் புஷ்ஷுக்குப் பிளாஸ்டிக் உருளையில் கடையச் சொல்லுங்கள். அதிலும் நைலான் உருளையா, டெல்ரின் எனும் கெட்டி பிளாஸ்டிக் உருளையா என்று கேட்டு வாங்குங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும். கோடையில் சரியாகப் பொருந்திய புஷ் மழைக்காலம் முற்றும்போது இறுகிக்கொள்ளும், கம்பி ஒவ்வொரு வரிசைக்கும் தயங்கித் தயங்கிப் போகும். டெல்ரின் ஈரத்துக்கு அவ்வளவு அசையாது, இரும்போடு உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும். நைலான் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் உட்புறம் ஒரு துளி தாராளமாகக் கடையச் சொல்ல வேண்டும். விளிம்பில் எதிரெதிரே இரண்டு கீறல் வெட்டினால் உருண்டையில் விரிந்து மாட்டும். கீறல் இல்லாமல் அடித்து ஏற்றினால் வெடித்துவிடும்.

மாட்டும் வேலை வண்டிக்குள் உட்கார்ந்தே முடிந்துவிடும். வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை. குமிழைத் திருகிக் கழற்றி, பூட்டின் வளையத் திருகுகளை எடுங்கள். இங்கத்திய மழையில் இந்தத் திருகுகள் துருவேறித் தரையோடு ஒட்டியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும். வெளிப் பூட்டுக்குக் கீழே இன்னொரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை விலக்குமுன் சுற்றிலும் இருக்கும் மண்ணைப் பிரஷ் போட்டுத் துடைத்து, காற்று இருந்தால் ஊதுங்கள். அந்த மண் பெட்டிக்குள் விழுந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். புஷ் மாற்றப் போய் பேரிங் மாற்றும் வேலையாகிவிடும்.

இப்போது தகர மூடி தெரியும். அதற்குத் திருகோ, சர்க்ளிப் எனும் பூட்டு வளையமோ கிடையாது. துணியைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் நன்றாகக் கீழே அழுத்தி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் ஹவுசிங்கின் முள்ளிலிருந்து விடுபடும். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் விடுபட்டதும் மேலே எழும்பும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்புகிறவர்கள் மூடியின் விளிம்பை நெளித்துவிடுகிறார்கள். நெளிந்த மூடி மறுபடி முழுதாகப் பூட்டாது. கம்பி வளைவாக இருப்பதால் எந்த முகம் முன்பக்கம் என்று சாக்பீஸால் குறித்துவிட்டு மேலே இழுங்கள்.

கீழ்ப் புஷ் சில நேரம் கம்பியோடு வராமல் குழியிலேயே தங்கிவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, நீள இடுக்கியால் எடுங்கள். உடைந்து வந்தால் துண்டுகளைச் சேர்த்து முழுக் கிண்ணம் ஆகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சின்னத் தூள் குறைந்தால் அடுத்த முறை ஆயில் மாற்றும்போது வந்துவிடும். பெரிய துண்டு குறைந்தால் ஆயிலை வடித்தே ஆக வேண்டும். கம்பியைச் சுத்தம் செய்யும் நேரத்தில் அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

சின்ன உருண்டையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். புஷ் இல்லாமலே நெடுங்காலம் ஓட்டிய வண்டியில் உருண்டை இரண்டு பக்கம் தட்டையாகியிருக்கும். வெர்னியரால் இரண்டு திசையில் அளந்து அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் ஆட்டம் போகாது. அந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, புதுப் புஷ்ஷின் உட்புறத்துக்குப் பொருந்தும்படி லேத்தில் உருட்டிக்கொள்ள வேண்டும். லேத் கைக்கு இதுதான் சரியான வேலை. அளவுக்குப் புதுப் புஷ்ஷையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

பழைய மேல் சீட்டை நெம்பி எடுத்து, அமர்விடத்தைத் துடைத்து, புதியதைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். சுத்தியல் தேவைப்பட்டால் அது உங்கள் பெட்டிக்கான சீட் அல்ல. கீழ்ப் புஷ்ஷைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் இளகி, வெடிக்காமல் ஏறும். இரண்டு உருண்டைக்கும் சீட்டுக்கும் லித்தியம் கிரீஸ் தடவுங்கள். மெல்லிய பூச்சுப் போதும், அள்ளி அப்ப வேண்டாம். கம்பியை இறக்கும்போது புஷ் குழிக்குள் போகும் மெல்லிய தட்டல் கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் புஷ் குழியின் விளிம்பில் குந்தியிருக்கிறது. அந்த நிலையில் மூடியை அழுத்தினால் நசுங்கிவிடும். மூடியின் வெட்டை ஹவுசிங்கின் முள்ளுக்கு நேராக வைத்து, துணி போட்டு அழுத்தி, கடிகாரத் திசையில் திருப்புங்கள். இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட் போடுமுன்பே எல்லா கியரையும் சோதித்துவிட வேண்டும். முதலில் இஞ்சின் இல்லாமல் கிளட்சை மிதித்து ஒன்று முதல் ஐந்துவரை, பிறகு ரிவர்ஸ். அதன்பின் இஞ்சினை எழுப்பி அதையே மறுபடி. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் மூடியைப் போடாமல் விடுகிறவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கம்பி வழியாகவே ஆயிலுக்கு இறங்கும். கம்பியைக் கழற்றியபோது அதன் நுனியில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று பொருள். ஆயிலை மாற்றுங்கள். 24 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முதலில் நிரப்பும் திருகைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே வடிக்கும் திருகைத் திறக்க வேண்டும். வடித்துவிட்டு நிரப்பும் திருகு அசையவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். 75டபிள்யூ-90 ஆயில், தரம் ஜிஎல்-4 கிடைத்தால் சின்க்ரோ வளையங்களுக்கு நல்லது. நிரப்பும் ஓட்டையின் விளிம்புவரை வந்தால் போதும்.

காசு எங்கே போட வேண்டும் என்று கேட்டால்: கீழ்ப் புஷ் ஒரிஜினல், மேல் சீட் தாய்லாந்து, பூட் பழையது. இந்தச் சேர்க்கை முழு ஒரிஜினலைவிட மலிவு, கையில் அதே உணர்வு. தாய்லாந்து செட்டை முழுதாகப் போடுவது, கீழ்ப் புஷ் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்க முடிகிறவர்களுக்கு மட்டும்.

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியையும் இதே நாளில் பார்த்துவிடுங்கள். அது மூடியால் பூட்டப்பட்டதல்ல, சர்க்ளிப்பால் பிடிக்கப்பட்டது, குறடால் எடுக்கலாம். ஆட்டம் அதில் அவ்வளவு வராது, பெரும்பாலும் கிரீஸ் மட்டும் வைத்து மூடிவிடலாம். இரண்டாம் உலகப் போர்க்காலச் செவர்லே லாரி வைத்திருப்பவர்கள் இந்தச் செட்டுகளைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் பெட்டியில் உருண்டையும் இரும்பு, அது உட்காரும் இடமும் இரும்பு. மாற்றிப் போட பிளாஸ்டிக்கே கிடையாது. தேய்ந்த உருண்டையையும் நுனியையும் வெல்டிங்கில் நிரப்பிக் கடைந்து, ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.